976 ரூபாய் 40 காசு

வசூலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: எந்தக் கடையிலும் போணி ஆவதற்கு முன்னால் போய் நிற்கக் கூடாது, செவ்வாய், வெள்ளியில் விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டிலிருந்தும் காசு வெளியே வராது, சம்பளக்காரர்களை ஐந்தாம் தேதிக்குள் பார்த்துவிட வேண்டும், பத்துக்கு மேல் போனால் அவர்களே நம்மிடம் கைமாற்று கேட்பார்கள், ஆடியில் கடைக்காரர் ‘ஆடி போவட்டும்’ என்பார், மார்கழியில் ‘தை பொறக்கட்டும்’ என்பார். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் வருஷத்தில் நன்கொடை கேட்க உகந்த நாட்கள் கல்யாண முகூர்த்தங்களைவிடக் குறைவாகத்தான் மிஞ்சும். எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு படிப்பகமும், அதன் திண்ணையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மாலை வகுப்பும் நடத்திய எங்கள் கூட்டத்துக்கு இந்தப் பஞ்சாங்கம் தலைகீழ்ப் பாடம்.

இன்று அதற்கு வேலையே இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, யாரோ ஒருவர் படுத்தபடியே எங்களுக்கு 500 ரூபாய் அனுப்புகிறார். அதனால் அவர் வீட்டு லட்சுமி வெளியேறியதாக இதுவரை தகவல் இல்லை.

அப்போது எல்லாம் ரசீது புத்தகத்தில் இருந்தது. நேரு வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்து அடித்துத் தருவார்கள். ஐம்பது தாள், ஓரத்தில் துளை போட்ட கோடு, கிழித்துக் கொடுத்தது போக நம்மிடம் அடிக்கட்டை. அந்தப் புத்தகத்தை எப்படித் திறந்து வைப்பது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. முதல் ரசீது பெரிய கையாக இருக்க வேண்டும். அதனால் புதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் வீட்டுக்குப் போய் 101 எழுதி வாங்கிவிட்டுத்தான் கடைத்தெருவில் இறங்குவோம். அடுத்த ஆள் ரசீது எழுத விடமாட்டார், புத்தகத்தைக் கையில் வாங்கி, ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். பாத்திரக் கடைக்காரர் எவ்வளவு, ஜவுளிக்கடை எவ்வளவு, தன் பங்காளி எவ்வளவு என்று பார்த்து முடித்தபோது அவருடைய தொகை தானாக முடிவாகியிருக்கும். பங்காளி 51 என்றால் இவர் 61. பங்காளியே கொடுக்கவில்லை என்றால் சங்கத்துக்கு அன்றைக்குச் சனி.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தாடி, ஜோல்னா பை, பைக்குள் மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி வேனில் வந்து இறங்கிய கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று. முழுக்கப் படித்ததில்லை, பை சரியாகத் தொங்குவதற்கு அந்த எடை வேண்டியிருந்தது. அந்தக் கோலத்தில் மல்லாட்டை மண்டிக்குப் போய், மண்டிக்காரரை மனசுக்குள் சுரண்டல்காரர் என்று வைதபடி, அவர் வரவழைத்துக் கொடுத்த கலரைக் குடித்துக்கொண்டு, நன்கொடைக்காகக் காத்திருப்பேன். முக்கால் மணி நேரம் உட்கார வைப்பார். தராசில் மூட்டை ஏறும், இறங்கும். தொலி தூசி மூக்கில் ஏறும். நடுநடுவே என்னைப் பார்க்காமலே கேள்விகள் வரும். “போன வருசம் எத்தினி புள்ளைங்க பாஸு?” “வாத்தியாருக்குச் சம்பளம் குடுக்கிறீங்களா, சும்மாவா?” “பொஸ்தகம் எடுத்துட்டுப் போனவன் திருப்பித் தர்றானா?” எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு 51 ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, “பேரெல்லாம் வேணாம் தம்பி, நலம் விரும்பின்னு போட்டுக்கோ” என்பார். அந்தக் கூடுதல் ஒரு ரூபாயை முதலில் வைத்துவிட்டு அப்புறம்தான் ஐம்பதை வைப்பார். வெறும் பூஜ்யத்தில் முடிகிற தொகையை யாரும் கையில் எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இன்றைய ‘டொனேட்’ பக்கங்களில் 500, 1000, 2500 என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. அந்த ஒற்றை ரூபாய்க்கு இடமில்லை. ‘வேறு தொகை’ என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு, அதைத் தேடிப்பிடித்து 1001 என்று அடிக்கிறவர் எங்கேயோ நம்ம பக்கத்துப் பெரியவராகத்தான் இருக்க வேண்டும்.

காசில்லாதவர்களிடம் வாங்கவும் ஒரு வழி இருந்தது. பிடி அரிசி. காஞ்சிப் பெரியவர் சொன்ன திட்டம் அது. நாத்திகம் பேசிய எங்கள் சங்கம் அவர் பெயரைச் சொல்லாமல் அதை அப்படியே காப்பியடித்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி தனிக் கலயத்தில். ஞாயிற்றுக்கிழமை பையன்கள் சைக்கிளில் போய்ச் சாக்கில் கொட்டிக்கொண்டு வருவார்கள். வெள்ளைப் பொன்னி, ஐ.ஆர்.எட்டு, ரேஷன் புழுங்கல், யாரோ ஒரு வீட்டுப் பச்சரிசி எல்லாம் ஒரே சாக்கில். பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்தால் ஒரு பங்கு குழைந்து கூழாகியிருக்கும், ஒரு பங்கு பல்லில் கடிபடும். பிள்ளைகள் குறை சொன்னதில்லை. ஜாதி, தெரு, கட்சி எல்லாம் ஒரே பானையில் வெந்ததென்று நான் அதைப் பற்றி ஒரு புதுக்கவிதைகூட எழுதினேன். நல்லவேளையாக எந்தப் பத்திரிகையும் போடவில்லை. இதே பழைய தென்னாற்காட்டில் 1867 மே 23இல் வள்ளலார் வடலூரில் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது, தைப்பூசத்துக்கு ஊர் ஊராக அரிசி மூட்டையும் காய்கறியும் போய்ச் சேர்கின்றன என்பதையும் அந்தக் கவிதையில் சேர்த்திருக்கலாம். புரட்சிக்காரனுக்கு அது தோன்றவில்லை.

ஊரைவிட்டுப் போனவர்களுக்கு மணியார்டர். 1880இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் பணத்தைவிடக் கீழே இருக்கும் துண்டுதான் எங்களுக்கு முக்கியம். நெய்வேலியிலிருந்து ஒருவர் 25 ரூபாய் அனுப்பி, இரண்டு விரல் அகல இடத்தில், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது, தம்பி பிளஸ் டூவில் தேறியது, படிப்பகத்தில் இப்போதும் தினமணி வருகிறதா என்ற விசாரிப்பு எல்லாவற்றையும் எறும்பு எழுத்தில் அடக்கியிருப்பார். கடைசிக் காலத்தில் அதற்குக் கமிஷன் 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய். அதாவது நூற்றுக்கு ஐந்து. அனுப்புகிறவர் தலையில் விடிந்ததால் நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் கூட்டம் போட்டு விவாதித்ததில்லை.

விவாதித்ததெல்லாம் இப்போதுதான். படிப்பகம் திண்டிவனத்தில் இருக்கிறது. வங்கிக் கணக்கும் ஆடிட்டரும், ஓய்வுபெற்றுப் பொருளாளர் பதவியை வேறு யாரும் வாங்கிக்கொள்ளாததால் சுமக்கும் நானும் விழுப்புரத்தில். ஆன்லைனில் நன்கொடை வாங்க எந்தக் கம்பெனியைப் பிடிப்பது என்று முடிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடியது. எங்கள் மாலை வகுப்பில் படித்து இன்று சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் லேப்டாப்போடு வந்திருந்தாள். பில்டெஸ்க், சிசிஅவென்யூ, பேயூ, இன்ஸ்டாமோஜோ, ரேசர்பே என்று வாசித்துக்கொண்டே போனாள். பேபால்? அது 2021 ஏப்ரல் 1இலிருந்தே இந்தியாவுக்குள் பணம் வாங்கித் தருவதை நிறுத்திவிட்டது. கேஷ்ஃப்ரீ என்றதும் செயலாளர் “ஃப்ரீயா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எல்லாத்திலயும் ஏறக்குறைய ரெண்டு பர்சென்ட் சார். அதுக்கு மேல பதினெட்டு பர்சென்ட் ஜி.எஸ்.டி.”

“இருவது பர்சென்ட்டா!” செயலாளர் எழுந்தேவிட்டார்.

“இல்ல சார், அந்த ரெண்டு பர்சென்ட்டுக்குத்தான் பதினெட்டு.”

ஆயிரம் ரூபாய்க்கு 20 ரூபாய் கட்டணம், அதன்மேல் வரி 3 ரூபாய் 60 காசு, நம் கணக்குக்கு வருவது 976 ரூபாய் 40 காசு, அதுவும் இரண்டு வேலை நாள் கழித்து. ரசீது ஆயிரத்துக்குப் போட வேண்டும், 23.60ஐச் செலவில் எழுத வேண்டும். ‘கட்டணத்தையும் நானே ஏற்கிறேன்’ என்று கொடுப்பவர் டிக் போடுகிற மாதிரியும் வைக்கலாமாம். வேறு சில தளங்கள் கட்டணமே இல்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, கொடுக்கிறவரிடம் தங்களுக்கென்று தனியாக டிப்ஸ் கேட்கின்றனவாம். கூட்டம் கொதித்தது. ஏழைப் பிள்ளைகளின் பணத்தில் 23 ரூபாய் 60 காசா? நானும் கொதித்தேன், பொருளாளர் கொதிக்காவிட்டால் நன்றாக இருக்காது. ஆனால் உள்ளுக்குள் அந்தக் காலத்து வசூல் நாட்களின் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தந்தை பெரியார் போக்குவரத்துக் கழக பஸ்ஸுக்கு நாலு டிக்கெட், பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் டீ, பதினொரு மணிக்கு போண்டா, யாரும் கொடுக்காத தெருவைத் தாண்டினால் துக்கத்துக்கு இன்னொரு டீ. வசூலில் பத்து சதவீதமாவது போண்டாவுக்குப் போயிருக்கும். அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அவ்வளவுதான்.

வங்கி தருகிற கியூஆர் அட்டை போதுமே என்று ஒரு கட்சி எழுந்தது. டீக்கடையில், பூக்காரம்மா கூடையில் இருக்கிற அதே அட்டை. 2020 ஜனவரியிலிருந்து யூ.பி.ஐ.க்கு வணிகர் கட்டணம் இல்லை, 1000 போட்டால் 1000 உடனே வந்து விழும். அதில் ஒரே ஒரு சங்கடம், யார் கொடுத்தார் என்று தெரியாது. வங்கி அறிக்கையில் ‘எஸ் முருகன்’ என்று ஒரு வரி இருக்கும். மயிலம் முருகன் கோயிலைச் சுற்றிய எந்த ஊரிலாவது நின்றுகொண்டு எஸ். முருகன் என்று கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று. கேட்வே கம்பெனி அந்த இரண்டு சதவீதத்துக்குப் பெயர், போன், பான் எண் மூன்றையும் வாங்கித் தருகிறது. அதாவது அடிக்கட்டைக்குத்தான் காசு. கடைசியில் இரண்டையும் வைத்துக்கொள்வது, ரொக்கத்துக்குப் பழைய ரசீது புத்தகமும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. செயற்குழுக்கள் எப்போதும் இப்படித்தான் முடிவெடுக்கும்.

இனி கேட்வே கம்பெனி நம்மைச் சோதிக்க வேண்டும். சங்கப் பதிவுச் சான்று, துணைவிதிகள், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், தீர்மான நகல், ரத்து செய்த காசோலை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் பக்கம் குண்டலப்புலியூரில் அனுமதியில்லாமல் நடந்த காப்பகத்தைப் பற்றிச் செய்தி வந்த பிறகு இதையெல்லாம் கேட்பது தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு வீடியோவில் செயலாளரின் முகப் பரிசோதனை. எழுபதைத் தாண்டியவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பான் அட்டை. போன் அவரைக் கண் சிமிட்டச் சொன்னது. “யாரைப் பாத்து?” என்றார். சிமிட்டினார், இரண்டு கண்ணும் ஒன்றாக மூடவில்லை போல, மறுபடி சிமிட்டச் சொன்னது. உள்ளேயிருந்து அவர் சம்சாரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெப்சைட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று ஒரு பட்டியலும் வந்தது. ரகசியக் காப்புக் கொள்கை, பணம் திருப்பித் தரும் கொள்கை, ஷிப்பிங் பாலிசி. நாங்கள் எதை ஷிப்பிங் செய்கிறோம்? ஏழாம் வகுப்புக் கணக்கையா? அந்தப் பெண் அலட்டிக்கொள்ளாமல் ‘பொருட்கள் எதுவும் அனுப்பப்படுவதில்லை’ என்று ஒரு பக்கம் எழுதி ஏற்றினாள், அங்கீகாரம் கிடைத்தது. திருப்பித் தரும் கொள்கைதான் எனக்குப் பழசைக் கிளறியது. அந்தக் காலத்தில் ஆண்டு விழா நோட்டீஸில் தன் போட்டிக் கடைக்காரர் பெயர் தன் பெயருக்கு மேலே அச்சானதைக் கண்ட ஒரு நகைக்கடைக்காரர், ஆள் அனுப்பி 51 ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எந்தக் கொள்கையும் எழுதி வைக்காமலே ஒரே நாளில் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வருஷம் அவர் பெயரை மேலே போட்டு 101 வாங்கினோம்.

வெளிநாடு என்று ஒன்று இருக்கிறதே. துபாயில் இருக்கும் நம்மூர்ப் பையன் இந்தியப் பாஸ்போர்ட்டோடு தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. நியூ ஜெர்சியில் குடியுரிமை வாங்கிவிட்ட டாக்டர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, எப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் கணக்குத் தொடங்கித்தான் உள்ளே வர வேண்டும். அந்தப் பதிவெல்லாம் எங்களுக்கு ஏது? போனில் அவர் மன்றாடினார். “அண்ணே, நான் உங்க திண்ணையில படிச்சவன்.” “திண்ணை நம்முளுதுதான் தம்பி, பாஸ்போர்ட்டு அவங்களுது” என்றேன். அந்தக் காலத்து மலேசியாக்காரர்கள் புத்திசாலிகள், ஆளுக்கொரு கோடாலித் தைலமும் படிப்பகத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

புயல் வந்தால்தான் இந்த ஏற்பாடுகளின் பலம் தெரிகிறது, பலவீனமும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் அனுப்ப நாங்கள் தெருத்தெருவாக வாங்கிய மூட்டைகளில் ஒன்றைப் பிரித்தபோது உள்ளே ஒரு கல்யாணக் கோட்டும் இரண்டு டையும் இருந்தன. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் கரையேறி மயிலத்தில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. அரசூரில் நாலுவழிச் சாலையின்மேல் ஆறு ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தடியில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. அந்தப் பெண் சென்னையிலிருந்தே கியூஆர் போட்ட வேண்டுகோள் ஒன்றை வாட்ஸ்அப்பில் விட்டாள். ஒரே சாயங்காலத்தில் பெங்களூரிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் பணம் வந்து குவிந்தது. மூன்று மாதம் ஜோல்னா பையோடு அலைந்தாலும் எங்களுக்குச் சேராத தொகை. ஆனால் எங்கள் தெருவில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. லட்சாதிபதிகளாகிய நாங்கள் இருட்டில் மளிகைக் கடை வாசலில் நின்றோம். கடைக்காரர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டைப் பிரித்து, “எழுதிக்கிறேன், மூட்டைய எடுத்துட்டுப் போ சார்” என்றார்.

மாதச் சந்தா விஷயத்தில் மட்டும் எந்திரம் எங்களிடம் தோற்றுவிட்டது என்றே சொல்வேன். 2021 அக்டோபரிலிருந்து, கார்டில் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ‘நாளை உங்கள் கணக்கிலிருந்து 300 ரூபாய் எடுக்கப்படும்’ என்று ஒருவருக்கு ஒவ்வொரு மாதமும் நினைவூட்டிக்கொண்டிருந்தால், அவர் எத்தனை மாதம்தான் நல்லவராக இருப்பார்? நாங்களோ முன்னறிவிப்பே இல்லாமல் சைக்கிள் மணி அடித்துக்கொண்டே வாசலில் போய் நின்றுவிடுவோம்.

சரி, பணம் வந்தது, முடிந்ததா? முடியவில்லை. 2021-22 நிதியாண்டிலிருந்து, யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பான் அல்லது ஆதார் எண்ணோடு மே 31க்குள் வருமான வரித் துறைக்குப் படிவம் 10பிடியில் சொல்ல வேண்டும். பெயர் தெரியாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால் அதற்கு 30 சதவீத வரி. மண்டிக்காரர் இன்றைக்கு ‘நலம் விரும்பி’யாகவே கொடுத்துக்கொண்டிருந்தால் ஆடிட்டர் எனக்கு நலம் விரும்பியாக இருக்க மாட்டார். ஆக, ஏப்ரல் மே வெயிலில் கியூஆரில் போட்டவர்களைத் தேடிப் பிடித்துப் பெயரும் எண்ணும் வாங்குவது பொருளாளர் வேலை. “நான் நியூ ரெஜிம் சார், எனக்கு 80ஜி கழிவே கிடையாது, ரசீது வேணாம்” என்று ஒருவர். உங்களுக்கு வேண்டாம், அரசாங்கத்துக்கு வேண்டுமே. மற்றவர்களிடம் அதுவரைகூடப் போக முடியாது. முன்பின் தெரியாத நம்பரிலிருந்து ஒரு கிழக் குரல், நீங்கள் அனுப்பிய ஆயிரம் ரூபாய் சம்பந்தமாக உங்கள் பான் நம்பர் சொல்லுங்கள் என்றால், விவரமுள்ள எந்த மனிதர் சொல்லுவார்? பாதிப் பேர் பேசாமல் வைத்தார்கள். போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், “சைபர் கிரைமுக்கு, 1930க்கு அடிச்சிடுவேன்” என்றார்.

அதனால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். விழுப்புரத்தில் கீழ்ப்பெரும்பாக்கம் பக்கம் வீடு. அடையாளத்துக்கு என்னிடம் இருந்தது ரசீது புத்தகம் ஒன்றுதான். அதை வாங்கி, விரலை நாக்கில் தொட்டு, அடிக்கட்டைகளைப் புரட்டினார். கண்டக்டர் கை, வேகமாகப் புரண்டது. சந்தேகம் தீர்ந்ததும் நாற்காலி வந்தது, காப்பி வந்தது. படிப்பகத்தின் பழைய பெஞ்சு இன்னும் ஆடுகிறதா என்று கேட்டார். எனக்கு எண்பதுகளில் டிக்கெட் கொடுத்தவர்களில் அவரும் ஒருவராக இருந்திருக்கலாம், ரூட் நம்பர் சொல்லிச் சரிபார்த்தோம், ஒத்துவரவில்லை. பான் அட்டை பீரோவில் எங்கேயோ இருப்பதாகச் சொல்லி ஆதார் ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து, அதன் குறுக்கே ‘படிப்பகத்துக்கு மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வாசல்வரை வந்து கை நீட்டினார்.

“எதிர் வூட்டுக்காரரும் போட்டாரு சார், நான் சொல்லித்தான். வூட்லதான் இருக்காரு. அப்படியே ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடுங்க.”